இயர் கோப்புக்குள் இன்னொரு மாட்யூல்

பெரிய நிறுவனங்களுக்கான ஜாவா மென்பொருள் பல துண்டுகளாகவே எழுதப்படுகிறது. பயனர் பார்க்கும் பக்கங்கள் ஒரு துண்டு. கணக்கிட்டுத் தரவுத்தளத்தில் பதியும் வேலை இன்னொரு துண்டு. இவற்றைச் சேர்த்து சர்வரில் ஏற்ற, 1999 இறுதியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜே2ஈஈ தரம் 'இயர்' என்னும் பொட்டலத்தை வகுத்தது. திறந்து பார்த்தால் அது ஜிப் கோப்புதான். உள்ளே வலைப்பகுதி வார் கோப்பாகவும், வணிக விதிகளைக் கொண்ட இஜேபி பகுதி ஜார் கோப்பாகவும் இருக்கும். இப்படி உள்ளே இருக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு மாட்யூல்.

எந்தெந்த மாட்யூல்கள் உள்ளன என்று சர்வருக்குச் சொல்ல ஒரு எக்ஸ்எம்எல் பட்டியல் தொடக்கத்தில் கட்டாயமாக இருந்தது. 2006இல் வந்த ஜாவா ஈஈ 5 அந்தக் கட்டாயத்தை நீக்கியது.

1996இல் பிராக் நகர மாணவர்கள் தொடங்கிய, இன்று அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் வளரும் நெட்பீன்ஸ் என்ற நிரலாக்கக் கருவியில் இயருக்கு மாட்யூல் சேர்ப்பது எளிது. திட்டத்தைக் கட்ட ஆன்ட், மேவன் என்ற இரு கருவிகளில் ஒன்றைப் பயன்படுத்தலாம். ஆன்ட் வகைத் திட்டமானால், 'ஜாவா ஈஈ மாட்யூல்ஸ்' என்ற கணுவில் வலது கிளிக் செய்து, வேண்டிய திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். மேவன் திட்டத்தில் அதன் அமைப்புக் கோப்பான பாம் கோப்பில் ஒரு சார்பாக எழுத வேண்டும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும். கிளாஸ்களை நினைவகத்தில் ஏற்றும் பகுதிக்கு கிளாஸ்லோடர் என்று பெயர். சர்வர் பொதுவாக வலைப்பகுதியைத் தனி கிளாஸ்லோடர் மூலம் ஏற்றுகிறது. வலைப்பகுதியும் இஜேபியும் பகிரும் ஒரு கிளாஸ், வார் கோப்புக்குள் ஒரு பிரதியாகவும் வெளியே இன்னொரு பிரதியாகவும் இருந்தால், ஜாவாவுக்கு அவை வெவ்வேறு கிளாஸ்கள். பெயர் ஒன்று, பைட்டுகளும் ஒன்று. ஆனாலும், அந்தக் கிளாஸின் பெயர் 'வாடிக்கையாளர்' என்றால், 'வாடிக்கையாளரை வாடிக்கையாளராக மாற்ற முடியாது' என்ற பொருளில் கிளாஸ்காஸ்ட் பிழை எழலாம். புதிதாக வருபவர்களை இவ்வளவு குழப்பும் பிழை வேறு அதிகம் இல்லை.

பகிரும் கிளாஸ்களை ஒரே ஜாரில் கட்டி, இயரின் 'லிப்' அடைவில் வைப்பதே இதற்கு நல்ல தீர்வு. இந்த அடைவும் ஜாவா ஈஈ 5 தந்த வசதிதான். நெட்பீன்ஸில் வலைத்திட்டத்தின் நூலகப் பட்டியலுக்குச் சென்று, அந்த ஜாருக்கு எதிரே உள்ள 'பேக்கேஜ்' குறியை எடுத்துவிட வேண்டும். மேவனில் அதன் ஸ்கோப்பை 'ப்ரொவைடட்' என்று குறித்தால் அது வாருக்குள் நுழையாது.

புது மாட்யூல் சேர்த்த கையோடு இயரைப் பிரித்து, எந்த ஜாராவது இரண்டு இடங்களில் கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.