மெட்ராஸ் ஒட்டுத்துணி

மெட்ராஸ் ஒட்டுத்துணி என்பது பல நிறக் கட்டங்கள் கொண்ட மெட்ராஸ் பருத்தித் துணிகளைச் சதுரங்களாக வெட்டி, அவற்றை நிறம் மாற்றி இணைத்துத் தைத்து, மீண்டும் முழுத் துணியாக்கி மீட்டர் கணக்கில் விற்கும் சரக்காகும். வணிக வழக்கில் இது பேட்ச்வொர்க் மெட்ராஸ் எனப்படுகிறது. அமெரிக்காவில் 1960-களில் பரவலான இத்துணி, கோடைக்கால மேலாடை, அரைக்கால்சட்டை, பை, குயில்ட் எனப்படும் பஞ்சு வைத்துத் தைத்த விரிப்பு ஆகியவற்றுக்குப் பயன்படுகிறது. தமிழ்நாட்டில் ஒட்டுப் போட்ட துணி ஏழ்மையின் அடையாளமாகவே நீண்ட காலம் பார்க்கப்பட்டது. ஒட்டையே அழகாக்கி விற்கும் இந்தத் துணியோ, தமிழ்நாட்டுத் தலைநகரின் பழைய பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது.

துணியின் தன்மை

மெட்ராஸ் துணி எடை குறைந்த பருத்தித் துணி. நூலுக்கு முதலில் சாயமேற்றி, பிறகு பாவிலும் ஊடையிலும் நிறநூல்களை மாற்றிக் கொடுத்து நெய்வதால் கட்டங்கள் உருவாகின்றன. கைலியில் காணப்படும் கட்டங்களும் இதே முறையில் வருபவை. அச்சுத் துணியில் நிறம் ஒரு பக்கம் மட்டும் எடுப்பாக இருக்கும். நூலில் சாயமேற்றிய துணிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற வேறுபாடு இல்லை. வெட்டிய சதுரத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்தும் என்பதால், ஒட்டுத்துணி தைப்பவர்களுக்கு இது வசதியானது. கட்டத்தின் கோடு நூலோட்டத்திலேயே செல்வதால், கோட்டைப் பார்த்தே நேராக வெட்டவும் முடியும்.

வடசென்னையின் துணிப் பேட்டைகள்

கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் இக்கரையில் இடம் பெற்றதற்குத் துணி வணிகம் முக்கியக் காரணம். கோட்டைக்கு வடக்கே நெசவாளர், சாயக்காரர், துணி வெளுப்போர் ஆகியோரின் குடியிருப்புகள் பெருகின. கோராத் துணியை வெளுப்பவர்கள் வாழ்ந்த பகுதி வண்ணாரப்பேட்டை ஆயிற்று. வெளுத்த துணி கம்பெனிக் கிடங்குக்குத் திரும்பி, அங்கே நூல் நெருக்கம், அகலம், குறை ஆகியவற்றின்படி தரம் பிரிக்கப்பட்டது. பாவில் 120 நூல்கள் கொண்ட தொகுதி ஒரு புஞ்சம் எனப்பட்டது. புஞ்சம் கூடக்கூடத் துணியின் நெருக்கமும் விலையும் கூடின.

திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தாங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய 5 ஊர்கள் 1708-இல் கம்பெனிக்கு வழங்கப்பட்டு, இடையில் திரும்பப் பெறப்பட்டு, 1717-இல் மீண்டும் உறுதியாயின. அதையொட்டி ஆளுநர் ஜோசப் காலெட் திருவொற்றியூர் அருகே நெசவாளர்களையும் துணியில் ஓவியம் தீட்டுவோரையும் குடியேற்றினார். 1719-இல் அக்குடியிருப்பில் 104 வீடுகளும் 10 கடைகளும் ஒரு கோயிலும் இருந்ததாக ஆளுநர் அவையில் தெரிவிக்கப்பட்டது. அவர் பெயரால் அமைந்த காலெட்பேட்டை, மக்கள் வழக்கில் காலடிப்பேட்டை என்று மருவியது. 1734-இல் நகரின் மற்றொரு பக்கத்தில் சிந்தாதிரிப்பேட்டை இதே நோக்கில் அமைக்கப்பட்டது. இக்குடியிருப்புகளில் கட்டத்துணி மட்டும் நெய்யப்படவில்லை. கோராவும் ஓவியத் துணியும் பெரும் சரக்காக இருந்தன.

அக்காலத்தில் சென்னையில் துறைமுகம் இல்லை. கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில் துணிப் பொதிகள் அலைகளைக் கடந்து கப்பலுக்குச் சென்றன.

கடல் கடந்த சந்தைகள்

கட்டத்துணிக்கு மேற்கு ஆப்பிரிக்காவும் கரீபியத் தீவுகளும் பெரிய சந்தைகளாக இருந்தன. மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் சதுர அளவுகளாக நெய்யப்பட்ட துணி, ஐரோப்பிய வணிகர்கள் வழியே அங்கே சென்றது. அடிமை வணிகத்தில் மனிதர்களுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட பண்டங்களில் இந்தியத் துணிகளும் இருந்தன. டொமினிக்கா, செயின்ட் லூசியா, மார்டினிக், குவாதலூப் ஆகிய தீவுகளில் மெட்ராஸ் என்ற சொல்லே துணியின் பெயராகி, பெண்களின் தலைக்கட்டாகவும் விழாக்கால உடையாகவும் நிலைத்துவிட்டது.

நைஜீரியாவின் கலபாரி மக்கள் மெட்ராஸ் துணியில் தேர்ந்த நூல்களை மட்டும் வெட்டி உருவி, புதிய வடிவங்களை உண்டாக்குகின்றனர். வெட்டிய துணி என்ற பொருளில் இது பெலெட்டே பிட்டே எனப்படுகிறது; சடங்குகளில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. வாங்கிய துணியை வெட்டித் தமதாக்கிக்கொள்வதில் ஒட்டுத்துணிக்கு இதை முன்னோடி எனலாம்.

சாயம் ஓடும் துணி

சோழமண்டலக் கரை ஒரு காலத்தில் சாயம் போகாத சிவப்புக்குப் புகழ்பெற்றிருந்தது. சாயவேரையும் படிகாரத்தையும் கொண்டு ஏற்றிய அந்நிறம் துவைக்கத் துவைக்கத் தெளிவு பெற்றது. ஆனால் 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா சென்ற மெட்ராஸ் கட்டத்துணிகள் பலவற்றில் சாயம் நூலில் முழுதாகப் பிடிக்கவில்லை. துவைக்கும்போது ஒரு நிறம் மற்றொன்றில் இறங்கியது.

இதுபற்றி வணிக வட்டாரத்தில் பரவலாகச் சொல்லப்படும் கதை 1958-ஐச் சேர்ந்தது. வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், சென்னை ஏற்றுமதியாளர் சி. பி. கிருஷ்ணனிடம் துணி வாங்கி நியூயார்க் ஆடை நிறுவனம் ஒன்றுக்கு விற்றார். குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாடிக்கையாளர் வரை போய்ச் சேரவில்லை. சாயம் ஓடியதால் புகார்கள் குவிந்தன. பிறகு அந்தக் குறையையே சிறப்பாக மாற்றி, ஒவ்வொரு துவையலிலும் புது நிறம் தரும் துணி என விளம்பரம் செய்யப்பட்டது, விற்பனை பெருகியது. கதை பலவாறு சொல்லப்பட்டாலும், 1960-களில் சாயம் ஓடும் மெட்ராஸ் அமெரிக்க இளைஞரிடையே விரும்பப்பட்டது உண்மை. தமிழில் ஒருவரின் சாயம் வெளுத்தது என்றால் பொய் வெளிப்பட்டது என்று பொருள். அங்கோ சாயம் வெளுப்பதே துணி அசலானது என்பதற்குச் சான்றாயிற்று.

ஒட்டுத்துணிக்கு இந்தத் தன்மை பொருந்தாது. முழுத் துணியில் நிறம் இறங்கினால் எல்லா இடமும் ஒன்றாக மங்கும். ஒட்டுத்துணியில் ஒரு சிவப்புச் சதுரம், சுற்றியுள்ள 8 வெள்ளைச் சதுரங்களையும் கெடுத்துவிடும். எனவே இன்று ஒட்டுத்துணிக்கு நிறம் நிலைக்கும் சாயமேற்றிய துணியே பொதுவாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

தயாரிப்பும் கணக்கும்

துணியைத் துவைத்துச் சுருங்கவிட்டு, தேய்த்து, அடுக்கி வெட்டுவது முதல் வேலை. சதுரங்களை வரிசையாக இணைத்துப் பட்டைகளாக்கி, பின்னர் பட்டைகளைச் சேர்த்துத் தைக்கின்றனர். இரண்டு சதுரங்களின் தையல் மூலைகள் நேருக்கு நேர் சந்திக்கிறதா என்பதே வேலையின் தரத்தைக் காட்டும். உள்பக்கத்தில் விளிம்புகளை ஓவர்லாக் செய்யாவிட்டால் சில துவையலிலேயே நூல் பிரிந்துவிடும்.

தையலுக்கு விடும் துணிதான் செலவைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பக்கமும் முக்கால் செ.மீ. விட்டால், 1 சதுர மீட்டர் ஒட்டுத்துணிக்குத் தேவைப்படுபவை இவை:

20 செ.மீ. சதுரம்: 25 துண்டுகள், 1.16 சதுர மீட்டர் துணி, 8 மீட்டர் தையல்.
10 செ.மீ. சதுரம்: 100 துண்டுகள், 1.32 சதுர மீட்டர் துணி, 18 மீட்டர் தையல்.
5 செ.மீ. சதுரம்: 400 துண்டுகள், 1.69 சதுர மீட்டர் துணி, 38 மீட்டர் தையல்.

சதுரத்தின் பக்கம் பாதியானால் துண்டுகள் 4 மடங்காகின்றன. தையல் இரு மடங்குக்குச் சற்று அதிகமாகிறது. சிறு துண்டுகளில் செய்தால் மிச்சத் துணி வீணாகாது என்ற எண்ணம் பாதியளவே சரி. மிகச் சிறிய துண்டில் துணியின் பெரும்பகுதி தையலுக்குள்ளேயே மறைந்துவிடும், கூலியும் ஏறும்.

சிறு துண்டுத்துணிக் கடை

பழைய வண்ணாரப்பேட்டையின் எம்.சி. சாலை வடசென்னையின் அறியப்பட்ட துணிக்கடைத் தெரு. மணியக்காரர் சத்திரம் என்பதன் சுருக்கமே எம்.சி. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் மக்கள் துணி எடுக்க வரும் இடம் இது. இத்தகைய தெருக்களில் கட் பீஸ் வாங்கி, தையற்காரர்களுக்கும் ஒட்டுவேலை செய்வோருக்கும் விற்கும் சிறு கடைகளின் தொழில்முறை முழுத்துணிக் கடையிலிருந்து வேறுபட்டது.

முதல் வேறுபாடு அளவையில் இருக்கிறது. மிச்சத் துணி கிலோவில் வாங்கப்பட்டு மீட்டரிலோ துண்டுக் கணக்கிலோ விற்கப்படுகிறது. சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள துணியில் 1 கிலோ என்பது 10 சதுர மீட்டர். அழுக்கு, கிழிசல், செயற்கை இழை கலந்தவை என 3 பங்கு கழிந்தால் 7 மிஞ்சும். அதை 10 செ.மீ. சதுரங்களாகத் தைத்தால் விற்கும் அளவு ஏறக்குறைய 5.3 சதுர மீட்டர். வாங்கியதில் பாதியே சரக்காகிறது என்பதைக் கணக்கில் கொள்ளாமல், கிலோ விலை மலிவு என்று வாங்கும் கடை நட்டமடையும்.

அதனால் கடையின் இலாபம் தரம் பிரிப்பில்தான் இருக்கிறது. முதலில் இழை பார்க்கப்படுகிறது. ஒரு நூலை உருவி எரித்தால் பருத்தி காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கட்டியாகும். இரண்டும் ஒரே விரிப்பில் சேர்ந்தால், துவைத்ததும் பருத்திப் பகுதி மட்டும் சுருங்கித் தையல் இழுக்கும். அடுத்தது சாயச் சோதனை. துணியின் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணிக்கு இடையில் அழுத்திப் பார்த்தால் நிறம் இறங்குவது தெரிந்துவிடும். இறங்கும் துணியைத் தனியே வைத்து, வாங்குபவரிடம் சொல்லி விற்பதே முறை. பின்னர் அகலம், எடை, நிறம் ஆகியவற்றால் பிரிக்கப்படுகிறது. குயில்ட் தைப்பவர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் நிறங்களைத் தேடுவதால், இவ்வாறு சேர்த்துக் கட்டிய சிறு கட்டுகளுக்குக் குவியலை விடக் கூடுதல் விலை கிடைக்கும்.

கடலோரப் பகுதியில் சரக்கைக் காப்பது தனி வேலை. உப்புக் காற்றில் குண்டூசி துருப்பிடித்துத் துணியில் கறையாகும். மழைக்காலத்தில் அடுக்குகளில் பூசணம் பிடிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்திலும் திருவொற்றியூர் வட்டாரக் குடியிருப்புகளிலும் புகுந்தது. மழைநீரில் நனைந்த துணியைத் துவைத்து மீட்கலாம்; எண்ணெய் ஏறிய துணியை மீட்பது அரிது. தாழ்வான தெருவில் உள்ள கடைக்குத் தரைக்கு மேல் உயர்ந்த மரப்பலகைகளும் மேலடுக்கும் இதனால் அவசியமாகின்றன.

சட்டமும் வரியும்

துணி அளக்கும் மீட்டர் கோலும் தராசும் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன்படி முத்திரை பெற்றிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை கண்காணிக்கிறது. பருத்தித் துணிக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்போருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். ஆனால் வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால், பொதுவாக இந்த வரம்புக்குக் கீழே உள்ளவரும் பதிவு செய்ய வேண்டும். இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர் வெளி மாநில விற்பனை செய்ய இயலாது. பெங்களூருவில் ஒரு வாடிக்கையாளருக்குக் கூரியரில் அனுப்பும் சிறு கடை முன்கூட்டியே அறிய வேண்டியது இது.

துணிக்கடை ஊழியர்கள் நாள் முழுதும் நிற்க வேண்டியிருந்ததைக் கருத்தில் கொண்டு, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. பணியாளருக்கு இருக்கை அளிப்பது இப்போது கட்டாயம்.

தமிழ்நாட்டின் பிற ஒட்டுவேலைகள்

தேர்களில் தொங்கும் தொம்பைகள் தஞ்சாவூர் வட்டாரத்தின் ஒட்டுவேலைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இதில் ஒரு துணியின் மேல் மற்றொரு துணியின் வடிவங்கள் வைத்துத் தைக்கப்படுகின்றன. சதுரங்களை விளிம்போடு விளிம்பாக இணைக்கும் மெட்ராஸ் ஒட்டுத்துணியிலிருந்து இது வேறு. பழம்புடவைகளை மடித்து ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைக்கு விரிப்பு செய்வது வீட்டு வழக்கம்.

இன்றைய நிலை

வடசென்னையின் நெசவுப் பேட்டைகள் இன்று குடியிருப்புகளாகவும் கடைத் தெருக்களாகவும் மாறிவிட்டன. காலடிப்பேட்டை இப்போது மெட்ரோ ரயில் நிலையத்தின் பெயராகவும் இருக்கிறது. நகரின் பெரிய துணியாலையான பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் மெட்ராஸ் என்ற பெயரும் சென்னை என மாறியது. மெட்ராஸ் என்ற பெயரில் விற்கப்படும் கட்டத்துணியில் விசைத்தறித் துணியும் உண்டு. கைத்தறி என்று சொல்லி விற்கப்படுவதற்கு, 2006-இல் தொடங்கப்பட்ட கைத்தறி முத்திரை சான்றாகிறது. அந்த முத்திரை முழுத் துணியில்தான் இருக்கும். வெட்டிய சதுரத்தில் இருக்காது. துண்டு எந்தத் தறியிலிருந்து வந்தது, அதன் சாயம் நிற்குமா என்பதற்கு வாங்குபவரிடம் இருக்கும் ஒரே சான்று விற்பவரின் சொல்தான்.