மச்சினன் வெட்டிய புல்லும் பக்கத்து வீட்டு டெலோரியனும்!

ஹூஸ்டனில் இருக்கிற என் மச்சினனுக்குக் குடி, சீட்டு, சிகரெட் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் புல் வெட்டுவான். அவ்வளவுதான். அந்த ஒரு பழக்கம் 2023 ஜூன் மாதம் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அன்றைக்கு எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

நானும் என் சகதர்மிணியும் அவன் வீட்டுக்குப் போய் நாலே நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பேட்டையில் வாசல் புல் கொஞ்சம் உயரமாக வளர்ந்துவிட்டால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதாசி வந்துவிடுமாம். ஆகவே மச்சினன் மிஷினைத் தள்ளிக்கொண்டு போனான். நான் வாசலில் நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டு, மேற்பார்வை என்ற பெயரில் சும்மா இருந்தேன்.

'டிக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி, அரை மூட்டைக் கல்கண்டைத் தரையில் கொட்டினாற்போல 'சலசல'வென்று இன்னொரு சத்தம்.

புல் வெட்டும் மிஷினில் பிளேடின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில்கூடச் சுற்றும். அதில் ஒரு கூழாங்கல் மாட்டினால் துப்பாக்கிக் குண்டுக்குத் தம்பிதான். அந்தத் தம்பி நேராகப் போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் நின்ற காரின் டிரைவர் பக்கக் கண்ணாடியைப் பதம் பார்த்துவிட்டது.

போயும் போயும் எந்தக் கார் தெரியுமா? டெலோரியன்!

'பேக் டு தி ஃப்யூச்சர்' படம் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். 1985-ல் வந்த அந்தப் படத்தில் காலத்தைத் தாண்டிப் பறக்குமே, அதே கார். பெயின்ட் கிடையாது; நம் வீட்டு எவர்சில்வர் குடம் மாதிரி உடம்பெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கதவு பக்கவாட்டில் திறக்காது. பருந்து இறக்கையை விரிக்கிற மாதிரி மேலே தூக்கிக்கொள்ளும்.

மச்சினன் முகத்தில் ரத்தமில்லை. "மாமா, செத்தேன்!" என்றான்.

பெரியவர் வெளியே வந்தார். எழுபதைத் தாண்டியவர். கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது பரவாயில்லை. கதவருகே குனிந்து, ஸீட்டின் மேல் குவிந்து கிடந்த கண்ணாடிக் கல்கண்டுகளை ஒரு கை அள்ளிப் பார்த்தார். பிறகு, "சனிக்கிழமை பேத்திக்குக் கல்யாணம். சர்ச்சிலிருந்து அவளை இதில்தான் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தேன்" என்றார். (அவர் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.)

அன்றைக்கு ஞாயிறு. எனக்குக் கணக்குத்தான் வரும், பி.காம். ஆறு நாள்!

'இதுக்குப் போய் இவ்வளவு கவலையா? கடைக்குப் போனா ஒரு மணி நேரத்துல மாட்டிக் கொடுத்துடுவானே' என்றுதான் நான் நினைத்தேன். உடைந்தது இறங்கி ஏறுகிற கண்ணாடியாக இருந்திருந்தால் ஓரளவு சுலபம்தான். கதவின் உள்பலகையைக் கழற்றி, ஏற்றி இறக்கும் சாதனத்தில் புதுக் கண்ணாடியைப் பொருத்தினால் முடிந்தது. இதுவோ இறங்காத கண்ணாடி. பசை போட்டுக் கதவோடு ஒட்டிய கண்ணாடி.

கார் கதவுக் கண்ணாடி எதற்கு இறங்காமல் இருக்க வேண்டும்? அது அழகுக்குக் கொடுத்த விலை. டெலோரியனை வரைந்தவர் ஜார்ஜெட்டோ ஜ்யூஜாரோ என்கிற இத்தாலிக்காரர். பக்கக் கண்ணாடியை உள்பக்கமாக நன்றாகச் சாய்த்து, வளைத்து வரைந்துவிட்டார். பார்க்க அம்சம்தான். ஆனால் அவ்வளவு பெரிய வளைந்த கண்ணாடி கீழே இறங்க அந்தக் கதவுக்குள் இடம் ஏது? எனவே பெரிய கண்ணாடியை அசையாமல் ஒட்டிவிட்டு, அதன் கீழ்ப் பகுதியில் தபால் பெட்டி வாய் மாதிரி ஒரு குட்டி ஜன்னல் வைத்தார்கள். அது மட்டும் இறங்கும். டோல்கேட்டில் காசு நீட்டலாம். அதற்குமேல் ஆசைப்படக் கூடாது.

கோடீஸ்வரக் கார்கள் பலவற்றில் இந்தக் கதைதான். லம்போர்கினி கௌன்டாஷில் பக்கக் கண்ணாடியின் ஒரு சின்னப் பகுதிதான் இறங்கும். 1954-ல் வந்த மெர்ஸிடஸ் 300 எஸ்.எல். இன்னும் மோசம். காற்று வேண்டுமென்றால் ஜன்னலையே கழற்றி ஸீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும்! அத்தனை பணத்தைக் கொட்டி வாங்கியவர்கள் வியர்வையில் நனைந்துகொண்டு போயிருக்கிறார்கள். நம் பல்லவன் பஸ்ஸில் எல்லா ஜன்னலும் திறந்தே இருந்தது என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை காலையில் கண்ணாடி மாற்றும் கம்பெனி ஒன்றுக்கு மச்சினன் போன் போட்டான்.

"எந்த வருஷத்து வண்டி?"

"1981."

"என்ன வண்டி?"

"டெலோரியன்."

எதிர்முனையில் மௌனம். பிறகு, "சார், விளையாடுறீங்களா?" என்ற தோரணையில் ஒரு கேள்வி. கடைசியில், "மாட்டித் தருகிறோம், கண்ணாடியை நீங்களே கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

இங்கேதான் நான் வாயைக் கொடுத்தேன். "ஏன் மாப்ளே, ஒரு கண்ணாடிக் கடையில அளவு கொடுத்தா, வைர பென்சிலால அறுத்துக் கொடுக்க மாட்டானா?"

பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. ஆனால் மனுஷன் பொறுமையாக விளக்கினார். பக்கக் கண்ணாடி என்பது பதப்படுத்திய கண்ணாடி. முதலில் சாதாரணக் கண்ணாடியை வேண்டிய உருவத்துக்கு அறுத்து, ஓரம் தேய்த்து, 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, வளைத்து, இரண்டு பக்கமும் சட்டென்று குளிர்ந்த காற்றை ஊதுவார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகு மெள்ளக் குளிர்ந்து சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிவிட்ட தோலையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடி ஆயுசு முழுக்க அந்த இழுபறியிலேயே இருக்கிறது. அதனால்தான் அதற்கு அத்தனை பலம். ஓரிடத்தில் தோல் கிழிந்து உள்ளே எட்டிவிட்டால் போச்சு, மொத்தமும் ஒரே நேரத்தில் பொடிப்பொடி. கத்தி மாதிரி நீளத் துண்டாக உடைந்து கழுத்தைக் கிழிக்காமல் கல்கண்டாக உதிர்வதும் அதே காரணத்தால்தான்.

அப்படிப் பதப்படுத்திய கண்ணாடியில் பிறகு ஒரு ஓட்டை போட முடியாது, ஓரத்தில் ஒரு நூல்கூட அறுக்க முடியாது. பிறக்கும்போதே அந்தக் காருக்கென்று, அந்தக் கதவுக்கென்று, அந்த வளைவோடு பிறக்க வேண்டும். இடது கண்ணாடி வலதுக்கு ஆகாது. முன் கண்ணாடி வேறு ஜாதி. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. விரிசல் விட்டாலும் விழாது.

"அப்ப பிளாஸ்டிக் ஷீட்டை வளைச்சு..." என்று ஆரம்பித்தான் மச்சினன். கீறல் விழும், நாளாக ஆக மஞ்சளிக்கும், ரோட்டுச் சட்டமும் இடிக்கும். தலையாட்டிவிட்டார் பெரியவர்.

கார் கம்பெனிக்கே எழுதிக் கேட்கலாமே என்பீர்கள். அந்தக் கம்பெனி எங்கே இருக்கிறது? அது ஒரு தனி சினிமா. ஜெனரல் மோட்டார்ஸில் பெரிய பதவியில் இருந்த ஜான் டெலோரியன் வேலையை உதறிவிட்டுத் தன் பெயரிலேயே கார் செய்யக் கிளம்பினார். வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்ட் பக்கத்து டன்மரியில் தொழிற்சாலை. வேலையில்லாத் திண்டாட்டமும் குண்டு வெடிப்புமாக இருந்த ஊர் என்பதால் பிரிட்டிஷ் அரசாங்கம் கோடிக்கணக்கில் பணம் போட்டது. 1981-ல் கார் வர ஆரம்பித்தது. 1982 முடிவதற்குள் கடை மூடியாயிற்று. மொத்தமே சுமார் 9,000 கார்கள்தான். நடுவில் 1982 அக்டோபரில் போதை மருந்து வழக்கில் டெலோரியனே கைதாகி, 1984-ல் குற்றவாளி இல்லை என்று விடுதலையானார். கார் உடம்பை அச்செடுத்த ராட்சத இரும்பு அச்சுகள் என்ன ஆயின தெரியுமா? அவற்றில் சில அயர்லாந்தின் மேற்குக் கரையோரக் கடலில் மீன் வலைகளுக்கு நங்கூரமாகப் போய்ச் சேர்ந்தன!

இவ்வளவு களேபரத்தில் ஒரே ஒரு நல்ல காரியம் நடந்தது. மிச்சமிருந்த உதிரி பாகங்களை யாரும் காயலான் கடைக்குப் போடவில்லை. மொத்தமாக வாங்கி அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் கிடங்கில் அடுக்கினார்கள். 1997-ல் அந்தச் சரக்கை டெக்ஸாஸ்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். டெலோரியன் பெயரிலேயே பழுது பார்ப்பதும் பாகம் விற்பதுமாக நடத்துகிறார்கள். எங்கே? ஹூஸ்டனை ஒட்டியிருக்கிற ஹம்பிள் என்ற ஊரில். (உள்ளூர்க்காரர்கள் 'அம்பிள்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள்.)

மச்சினன் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை! என் சகதர்மிணி, "எல்லாம் எங்க குலதெய்வம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணாடி இருந்தது. விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன், பி.காம். படித்த பாவம். மச்சினன் கார்டை நீட்ட, பெரியவர் தடுத்துப் பாதியை வாங்கிக்கொண்டார். ஒட்டுவதையும் தாமே செய்வதாகச் சொல்லிவிட்டார். அவர் ஆபீஸ்காரரில்லை, மெக்கானிக் ஷாப் வைத்திருந்தவர். எங்களுக்கு எடுபிடி வேலை.

செவ்வாய் முழுக்கக் குப்பை பொறுக்கியதில் போயிற்று. ஸீட் ஓட்டும் தண்டவாளத்தில், கார்பெட்டில், குட்டி ஜன்னல் இறங்குகிற பள்ளத்தில், எங்கே கை வைத்தாலும் கல்கண்டு. ஒரு துண்டு விட்டுப்போனால் ஜன்னல் இறங்கும்போது கீறிவிடும் என்று வாக்குவம் கிளீனரால் நாலு தரம் இழுக்க வைத்தார்.

புதன்கிழமை பழைய பசை. கதவு ஓரத்தில் உடைந்த கண்ணாடியின் விளிம்பு பல் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. முதலில் எவர்சில்வர் உடம்பு பூராவும் டேப் ஒட்டினார். பெயின்ட் காரில் கீறல் விழுந்தால் மேலே ஒரு பூச்சு பூசி மறைக்கலாம். இதில் பூச்சே கிடையாது. கத்தி வழுக்கினால் அந்தக் கோடு எல்லோர் கண்ணிலும் படும். நீளக் கத்தியால் அங்குலம் அங்குலமாக அறுத்தார். இன்றைய கார்களில் பழைய பசையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு அதன்மேலேயே புதுசைப் போடுவார்களாம், நன்றாகப் பிடிக்குமாம். "நாற்பது வருஷத்துப் பசையை நம்ப மாட்டேன்" என்று இவர் சுத்தமாகச் சுரண்டிவிட்டார்.

வியாழக்கிழமைதான் முகூர்த்தம். பசையில்லாமல் கண்ணாடியை முதலில் வைத்துப் பார்த்தார். சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக வரும்வரை நகர்த்தி, கண்ணாடிக்கும் கதவுக்கும் குறுக்கே டேப் ஒட்டி, அந்த டேப்பை நடுவில் பிளேடால் கீறி விட்டார். திரும்ப வைக்கும்போது இரண்டு பாதியும் நேருக்கு நேர் வந்தால் கண்ணாடி சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். என்ன மூளை! ஓரத்தை ஆல்கஹாலால் துடைத்து, கறுப்பு பிரைமர் தடவினார். வெயில் பட்டுப் பசை கெடாமல் அது காக்கும். அப்புறம் கூம்பு முனையில் முக்கோண வெட்டு போட்ட துப்பாக்கியால், ஜாங்கிரி பிழிகிற மாதிரி யூரித்தேன் பசையை இடைவெளியில்லாமல் ஒரே வளையமாகப் பிழிந்தார். கை நின்றால் அங்கே ஓட்டை, ஓட்டை இருந்தால் மழைத் தண்ணீர்.

ரப்பர் உறிஞ்சிக் கைப்பிடிகளை வைத்து நானும் மச்சினனும் கண்ணாடியைத் தூக்கினோம். என் ஆயுளில் அவ்வளவு பயந்து எதையும் தூக்கியதில்லை, என் பெண்ணைப் பிரசவ வார்டில் தூக்கியதைத் தவிர. பசையில் பட்டுவிட்டால் இழுத்துத் திருத்தக் கூடாது. மூவரும் மூச்சைப் பிடித்து வைத்தோம். டேப் பாதிகள் சேர்ந்தன. கண்ணாடி சாய்வாக இருப்பதால் மெள்ளக் கீழே வழுக்கப் பார்த்தது. சின்ன முட்டுக் கட்டைகளைக் கொடுத்து, மேலே பட்டை பட்டையாக டேப் ஒட்டி நிறுத்தினார்.

"காயறதுக்கு ஃபேன் போடட்டுமா?" என்றேன். மறுபடியும் அந்தப் பரிதாபப் பார்வை. இந்தப் பசை காய்வதற்குக் காற்றின் ஈரம் வேண்டுமாம்! ஹூஸ்டன் புழுக்கம் நம் மெட்ராஸ் மே மாதத்துக்குச் சளைத்ததல்ல. நாங்கள் சபித்துக்கொண்டிருந்த அதே வியர்வைக் காற்று பசைக்கு அமிர்தமாக இருந்தது. ஒரு முழு நாள் வண்டியை அசைக்கவில்லை. கதவைச் சாத்தினால் உள்ளே அடைபடும் காற்று கண்ணாடியை வெளியே தள்ளும் என்று குட்டி ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார்.

வெள்ளி மாலை தண்ணீர்ப் பரீட்சை. நான் ஹோஸ் பிடித்தேன். மச்சினன் உள்ளே உட்கார்ந்து டிஷ்யூ பேப்பரால் ஓரமெல்லாம் ஒற்றிப் பார்த்தான். திடீரென்று, "மாமா, சொட்டுது!" என்று அலறினான். பெரியவர் ஓடிவந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். கண்ணாடி ஓரம் காய்ந்துதான் இருந்தது. சொட்டியது மேலே கதவு ரப்பர் வழியாக. "இது டன்மரியிலிருந்தே வந்த வியாதி. இந்த வண்டியில் இது இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும்" என்றார்.

சனிக்கிழமை மணப்பெண்ணின் வெள்ளை கவுன் முழுதும் அந்தக் காருக்குள் அடங்குவதற்கே கால் மணி நேரம் பிடித்தது. கதவு இறக்கை இறங்கிய பிறகு, குட்டி ஜன்னல் வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்து ஆடியது. பேத்தியா, பெரியவரா தெரியவில்லை. மச்சினன் பதிலுக்கு இரண்டு கையையும் ஆட்டினான்.

இப்போதும் அவன் ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டுகிறான். அதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்குப் போன் போடுகிறான். பெரியவர் கராஜுக்குள் காரை விட்டுக் கதவை இறக்கிவிட்டு, "ம், ஆரம்பி" என்று கையைக் காட்டிய பிறகுதான் மிஷின் ஸ்டார்ட் ஆகிறதாம்.