அடுப்பு வாங்கும் முன் அடுப்படியில் கேளுங்கள்

கடந்த நோன்பில் ஒரு நாள் அஸர் நேரம். உம்மா கஞ்சிக்கான பெரிய பானையைக் கேஸ் அடுப்பில் ஏற்றியிருந்தார். திடீரென்று பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்பின் கண்ணாடி மேல்தட்டு முழுவதும் சிறு சிறு துண்டுகளாக நொறுங்கிக் கிடந்தது. உம்மா தேங்காய்ப்பால் எடுக்க அப்போதுதான் இரண்டு எட்டுத் தள்ளிப் போயிருந்தார். அல்ஹம்துலில்லாஹ், ஒரு கீறலும் இல்லை.

அந்த அடுப்பைத் தெரிவு செய்தது நான். கடையில் பளபளப்பாக இருந்தது, வாங்கி வந்தேன். உம்மாவிடமும் மனைவியிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் பயின்று, இருபது வருடமாக வகுப்பில் வெப்பக் கடத்தல் படிப்பிக்கும் எனக்கு, என் வீட்டு அடுப்பில் என்ன பானை ஏறும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

உறுதியாக்கப்பட்ட கண்ணாடி சாதாரண சூட்டைத் தாங்கும். ஆனால் அகலமான பானை அடுப்பை மூடிக்கொண்டால் சுவாலையின் சூடு மேலே போக வழியின்றிக் கண்ணாடி மீதே திரும்புகிறது. ஓரிடம் மட்டும் கடுமையாகச் சூடேறினாலோ, சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டாலோ, ஓரத்தில் சிறு அடிபட்டிருந்தாலோ அது மொத்தமாக நொறுங்கும். பெரிய பானை ஏறும் வீடுகளுக்குத் துருப்பிடிக்காத உருக்கு மேல்தட்டே பொருத்தம்.

புதிய அடுப்பு வாங்க வேண்டிய நிலையில் பலரும் சொன்னது, "இண்டக்ஷன் அடுப்பு வாங்குங்க சேர், கேஸ் செலவு மிச்சம்" என்பதுதான். அது உண்மையா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12.5 கிலோ சிலிண்டரில் உள்ள எரிவாயுவின் சக்தி சுமார் 160 மின் அலகுகளுக்குச் சமம். ஆனால் கேஸ் அடுப்பில் ஏறத்தாழ 40 வீதம்தான் பானைக்குள் போகிறது, மீதி அடுப்படியைச் சூடாக்குகிறது. இண்டக்ஷனில் சுமார் 85 வீதம் பானைக்குப் போகும். ஆகவே ஒரு சிலிண்டர் செய்யும் வேலையைச் சுமார் 75 அலகு மின்சாரம் செய்துவிடும்.

இனி உங்கள் மின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நமது நாட்டில் வீட்டு மின் கட்டணம் படிமுறையானது. புதிதாகச் சேரும் 75 அலகும் உங்கள் பட்டியலின் மேற்படியில்தான் போய் உட்காரும். அந்தப் படியின் விலையால் 75ஐப் பெருக்கி, சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். மாதம் 60 அலகுக்குள் பாவிக்கும் வீடு அந்த எல்லையைத் தாண்டினால், முதல் அலகிலிருந்தே கூடிய கட்டண முறைக்குள் போய்விடும். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கு இலாபமான அடுப்பு நமக்கு நட்டமாகலாம்.

அடுத்தது பாத்திரம். இண்டக்ஷன் அடுப்பு காந்தப் புலத்தால் பாத்திரத்தின் அடியையே சூடாக்குகிறது. எனவே காந்தம் ஒட்டும், அடி தட்டையான பாத்திரம் வேண்டும். மீனாணம் காய்ச்சும் மண்சட்டி, அலுமினியப் பானை, அடி உருண்ட தாச்சி எதுவும் அதில் உதவாது. கடைக்குப் போகும் முன் ஒரு சிறு காந்தத்தை எடுத்து வீட்டுப் பாத்திரங்களில் ஒட்டிப் பாருங்கள். 2000 வாற்று அடுப்பு ஏறத்தாழ 9 அம்பியர் மின்னை இழுக்கும். அதை நீட்டு வயரில் கேத்தலோடு சேர்த்துப் போடாமல், புவி இணைப்புள்ள தனிப் பிளக்கில் போட வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் வீட்டில் இருந்தால் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.

கேஸ் அடுப்பென்றால் வேறு கவனம். 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல இடங்களில் நடந்த எரிவாயு வெடிப்புகளை நாம் மறந்துவிடக் கூடாது. இந்த வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். வாடை வந்தால் மின் ஆளிகளைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகியுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்துவிடுங்கள். கசிவைச் சோதிக்கச் சவர்க்கார நீர் போதும், நெருப்புக்குச்சி கூடவே கூடாது. புதிய அடுப்புக்குப் பழைய குழாயை மாட்டி மிச்சம் பிடிக்காதீர்கள்.

2022ஐயும் நினைவில் வைத்தே முடிவெடுத்தோம். அந்த மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கேஸுக்கும் வரிசை. ஏப்ரலில் நோன்பும் வந்தது. எத்தனையோ வீடுகளில் ஸஹர் சோறு கொல்லையில் மூன்று கல் வைத்து விறகில்தான் வெந்தது. ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் என்னவாகும் என்று அப்போது கண்டோம்.

இம்முறை கடைக்கு உம்மாவும் மனைவியும் வந்தார்கள். விற்பனையாளர் என்னைப் பார்த்துப் பேசினார். உம்மா நேரே போய்த் தன் கையோடு கொண்டுவந்த பானையை ஒவ்வோர் அடுப்பிலும் வைத்து, ஆட்டிப் பார்த்தார். இரண்டு எரிப்பான் கொண்ட உருக்குத் தட்டுக் கேஸ் அடுப்பு ஒன்றும், தண்ணீர் கொதிக்கவைக்கவும் பிட்டு, இடியப்பம் அவிக்கவும் ஒற்றை இண்டக்ஷன் அடுப்பு ஒன்றும் வாங்கினோம். கஞ்சிப் பானை இனிக் கொல்லை விறகடுப்பில்தான் ஏறும்.

"இதைப் போன வருஷமே கேட்டிருக்கலாமே மகன்" என்றார் உம்மா, வீட்டுக்கு வரும் வழியில். கேட்டிருக்கலாம்தான். ஒரு நாளில் நாலைந்து மணித்தியாலம் அந்த நெருப்பின் முன் நிற்பவர் நானல்லவே.