இணையத்திற்கு ஒரு குளம்



மன்னார்ப் பெருநிலப்பரப்பிலே கட்டுக்கரைக் குளத்தை அறியாதார் அரியர். மாரியிற் பெருகியோடும் அருவியாற்று நீர் தேக்கம் என்னும் அணையிலே மறிக்கப்பட்டு, கால்வாய் வழியே அக்குளத்தை அடைகின்றது; அங்கிருந்து சிறு குளங்களுக்கும் வயல்களுக்கும் பிரிந்து செல்கின்றது. ஒவ்வோர் உழவனும் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குச் செல்வதானால் காலபோகம் விளையுமா? விளையாது. தொலைவில் உள்ளதை ஒருமுறை கொணர்ந்து, அண்மையிற் சேமித்து, பலருக்கும் பகிர்ந்தளிப்பதே குளத்தின் தத்துவம். அதே தத்துவத்தில் அமைந்த ஒரு கணினி ஏற்பாட்டைப் பற்றியே இன்று பேச முன்வந்துள்ளேன். சேமிப்புப் பதிலிச் சேவையகம் என்பது அதன் பெயர்.

பதிலி என்றால் என்ன? ஒருவருக்காக மற்றொருவர் சென்று கேட்பது. பாடசாலையின் கணினி அறையிலே 20 கணினிகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். வெளியுலகத்துக்குச் செல்லும் இணைப்போ ஒன்றே. ஒவ்வொரு கணினிக்கும் 300 மெகாபைட்டு அளவுள்ள புதுப்பிப்புக் கோப்புகள் தேவைப்படுகின்றன. தனித்தனியே இறக்கினால் 6,000 மெகாபைட்டு அவ்வொரே வழியாக வரவேண்டும். இடையிலே ஒரு பதிலி இருந்து, முதற் கணினி கேட்டபோதே கோப்புகளைப் பெற்றுத் தன்னிடம் ஒரு படி வைத்துக்கொண்டால், எஞ்சிய 19 கணினிகளுக்கும் உள்ளிருந்தே வழங்கிவிடலாம். வெளியிலிருந்து வருவது 300 மெகாபைட்டு மட்டுமே. பணம் மிஞ்சுகின்றது, அதனினும் அரிய பாடவேளையும் மிஞ்சுகின்றது.

இப்பணிக்குப் பெரிதும் வழங்கும் மென்பொருள் ஸ்குவிட் ஆகும். நம் கடற்றொழிலாளர் நன்கறிந்த கணவாயின் ஆங்கிலப் பெயர் அது. அமெரிக்காவின் ஹார்வெஸ்ட் என்னும் ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து கிளைத்து, டுவேன் வெசல்ஸ் என்பாரின் முயற்சியால் 1996ஆம் ஆண்டில் வெளிவந்தது. விலை கொடாமலே எவரும் பெற்றுக்கொள்ளலாம்.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. இன்று பெரும்பாலான இணையத்தளங்கள் தம் செய்திகளை மறைகுறியாக்கி அனுப்புகின்றன. முத்திரையிட்ட கடிதத்தைத் தபாற்காரர் படிக்க இயலாதவாறு, அத்தகைய பக்கங்களைப் பதிலியும் படிக்க இயலாது. படியெடுத்து வைக்கவும் இயலாது. கடத்திவிட மட்டுமே இயலும். ஆகவே இச்சேமிப்பின் பயன் முன்னாளிலும் குறைந்துள்ளது. ஆயினும், உபுந்து, டெபியன் முதலிய இயக்கமுறைமைகளின் மென்பொருட் பொதிகள் திறந்த வழியில் வருதல் இன்றும் உண்டு. அவற்றின் உண்மைத்தன்மையை எண்முறைக் கையொப்பம் காக்கின்றது. கணினி அறைக்கு இச்சேமிப்பு பெரிதும் உதவுவது இங்கேதான்.

இனிப் பல செயல்முறைகள் என்னும் பகுதிக்கு வருவோம். தொடக்கத்தில் ஸ்குவிட் தன் முக்கிய வேலை முழுவதையும் ஒரே செயல்முறையாக நின்று செய்தது. கணினியின் மூளையாகிய செயலியில் நான்கு கூறுகள் இருப்பினும் ஒன்று உழைக்க, மூன்று பெரும்பாலும் வாளாவிருந்தன. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த 3.2ஆம் பதிப்பு இக்குறையை நீக்கியது. அன்று முதல் ஒரே பணியைப் பல பணியாட்கள் பகிர்ந்து செய்யலாம். எல்லாரும் ஒரே வாயிலில் நின்று வருவோரை ஏற்கின்றனர். ஒருங்கிணைப்பாளர் எனப்படும் தனிச் செயல்முறை, வட்டவிதானை போல நின்று, அவர்களின் கணக்குகளைத் திரட்டுகின்றது. பணியாள் ஒருவர் திடீரென வீழ்ந்தால் தலைமைச் செயல்முறை மீண்டும் எழுப்புகின்றது.

பணியாட்கள் எத்தனை பேர் வேண்டும்? செயலியின் கூறுகளின் தொகையை விஞ்சுதல் ஆகாது. 20 கணினிகள் உள்ள பாடசாலைக்கு ஒரு பணியாளே போதும். பலர் வேண்டப்படுவது பல்கலைக்கழகம் போன்ற பெரிய இடங்களிலேயே. சிறு குளத்துக்குப் பத்துத் துருசு வைப்பதால் நீர் பெருகாது.

அமைப்பிலே கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, சேமிப்பின் இடம். ஸ்குவிட்டை நிறுவியவுடன், நாமாக ஏற்பாடு செய்தாலன்றி, அது நினைவகத்தில் மட்டுமே, 256 மெகாபைட்டு அளவிற் சேமிக்கின்றது. வட்டிலே சேமிக்க நாம்தான் கட்டளையிட வேண்டும். வட்டிற் சேமித்தவற்றின் அட்டவணைக்கும் நினைவகம் வேண்டும். பழைய முறைக் களஞ்சியத்தில் ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் ஏறத்தாழ 14 மெகாபைட்டு. இதனை எண்ணாமற் பெருங்களஞ்சியம் அமைத்தால் கணினி திணறும்.

இரண்டாவது, களஞ்சியத்தின் வகை. பழைய வகைகள் பணியாட்களுக்குப் பொதுவாகா. ஒவ்வொருவருக்கும் தனி அறை கொடுத்தல் வேண்டும். கொடுத்தாலோ ஒரே கோப்பு நான்கு அறைகளில் நான்கு முறை கிடக்கும். ராக் எனப்படும் புதிய வகை எல்லாருக்கும் பொதுவானது. தொடக்கத்தில் 32 கிலோபைட்டுக்கு மேற்பட்ட பொருள்களை அது ஏற்கவில்லை. 2015இல் வந்த 3.5ஆம் பதிப்பு அத்தடையை நீக்கியது.

மூன்றாவது, வேக வரம்பு. ஒரு வகுப்புக்கு விநாடிக்கு 100 கிலோபைட்டு என்று வரையறுத்தோம் எனக் கொள்வோம். இக்கணக்கை ஒவ்வொரு பணியாளும் தனித்தனியே வைத்திருக்கின்றார். நால்வர் இருப்பின் உண்மை வரம்பு 400 வரை உயரக்கூடும்.

நான்காவது, மாற்றம் செய்யும் முறை. திருத்திய கட்டளைகளைப் பிழையறச் சோதிக்கும் வசதி ஸ்குவிட்டிலேயே உண்டு. முதலில் அதனைப் பயன்படுத்துக. பல திருத்தங்களை ஓட்டத்திலேயே ஏற்கச் செய்யலாம். பணியாட்களின் தொகையை மாற்றினாலோ முழுவதையும் நிறுத்தி மீண்டும் தொடங்குதல் வேண்டும்.

குளத்தைக் கட்டிவிட்டால் மட்டும் போதுமா? நீர்மட்டத்தை நாளும் பார்க்க வேண்டாமா? கலைப்பட்டதாரியாகிய நான் இப்பாடத்தை ஓர் அனுபவத்தாற் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பாடசாலையில் இப்பதிலியை நிறுவினோம். கேட்கப்பட்டவற்றுள் நூற்றுக்கு 60 சேமிப்பிலிருந்தே வழங்கப்பட்டதாக அறிக்கை கூறிற்று. மகிழ்ந்தோம். ஆயினும், "சேர், இன்னும் ஆமை வேகந்தான்" என்றனர் மாணவர். அறிக்கையை நம்புவதா, பிள்ளைகளை நம்புவதா? இளம் ஆசிரியர் ஒருவர் விடை கண்டார்.

அது யாதெனின், ஸ்குவிட் இரண்டு விகிதங்களைக் காட்டுகின்றது: ஒன்று கேள்விகளின் எண்ணிக்கையால், மற்றொன்று பைட்டுகளின் அளவால். எளிய கணக்கொன்று பாருங்கள். 100 கேள்விகள். அவற்றுள் 60 சிறு படங்கள், ஒவ்வொன்றும் 10 கிலோபைட்டு, சேமிப்பிலிருந்து வந்தன, மொத்தம் 600. அதேயளவுள்ள 39 வெளியிலிருந்து வந்தன, மொத்தம் 390. எஞ்சிய ஒன்று 29,010 கிலோபைட்டுப் பொதி. அதுவும் வெளியிலிருந்தே வந்தது. ஆக மொத்தம் 30,000. எண்ணிக்கையால் நூற்றுக்கு 60. அளவாலோ நூற்றுக்கு 2 மட்டுமே! பெரிய பொதி ஏன் சேமிக்கப்படவில்லை? நாமாக மாற்றினாலன்றி 4 மெகாபைட்டுக்கு மேற்பட்ட பொருளை ஸ்குவிட் வட்டிற் சேமிப்பதில்லை. அவ்வெல்லையை உயர்த்தும் வரியைக் களஞ்சியத்தைக் குறிக்கும் வரிக்கு முன்னே எழுதினோம். புதுப்பிப்பு நாளிலும் பாடம் நடக்கலாயிற்று. பிள்ளைகள் கூறியதே உண்மை, அறிக்கையும் பொய்யன்று, நாங்கள் படித்த வரிதான் தவறானது.

கண்காணிப்புக்கு இரண்டு ஏடுகள் உண்டு. வருகை ஏட்டிலே ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி: கேட்ட நேரம், கேட்ட கணினி, எடுத்த காலம், அளவு, முடிவு. ஹிட் என்றால் சேமிப்பிலிருந்து கிடைத்தது. மிஸ் என்றால் வெளியே சென்றது. டனல் என்றால் முத்திரையிட்ட கடிதமாகக் கடந்து சென்றது. மற்றையது நிகழ்ச்சி ஏடு. அதன் வரிகளிற் பணியாளின் எண்ணும் பொறிக்கப்படுகின்றது. ஒரே எண்ணுடையவர் அடிக்கடி வீழ்ந்து எழுவாராயின் காரணம் தேடுக. இவையன்றி, 5 நிமிட, 60 நிமிடக் கணக்குகளைத் தரும் உள்ளறிக்கைகளும் உண்டு. அவற்றுட் சில எல்லாரையும் கூட்டிய தொகை. சில பணியாள் வாரியாகத் தனித்தனி. எது எதுவென்று தெரிந்து படித்தல் வேண்டும். பணியாட்களிடையே பளு சமமாகப் பிரிவதுமில்லை. ஒருவர் மிகுதியாக உழைப்பது மட்டும் பழுதாகாது.

இறுதியாக, கருவியைக் காட்டிலும் முக்கியமான ஒன்று. வருகை ஏடு எந்தக் கணினி எந்தத் தளத்தை நாடியது என்பதை எல்லாம் காட்டுகின்றது. ஒரு பிள்ளை தன் நோயைப் பற்றியோ வீட்டுத் துயரைப் பற்றியோ தேடியிருக்கலாம். தளத்தின் பெயரே போதும், மனத்தின் கவலையை வெளிப்படுத்த. ஆகவே, அவ்வேட்டைப் பொறுப்பானவர் ஒருவரன்றிப் பிறர் திறத்தல் கூடாது. குறித்த நாட்களுக்கு மேல் அதனை வைத்திருத்தலும் கூடாது. உள்ளறிக்கைகளையும் சேவையகத்தில் இருந்தே பார்க்குமாறு கட்டுப்படுத்துதல் நன்று.

குளத்துக்குக் கரை எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவுக்குக் காவலரின் நேர்மையும் வேண்டும். அளந்து வைத்து, அறிந்து பார்த்து, அடக்கமாகக் காத்தால், ஒரு சிறு இணைப்பும் ஒரு பாடசாலை முழுவதற்கும் போதுமானதாகும்.