கருவின் மரபணுச் சோதனையும் மார்க்கத் தீர்ப்பும்

அண்மையில் நாகர்கோவிலில் என் பழைய மாணவர் ஒருவர், கருவுற்றிருந்த தம் மனைவியின் இரத்தப் பரிசோதனை அறிக்கையுடன் என்னிடம் வந்தார். இணையவழிப் பணம் கட்டி, வீட்டிலிருந்தே இரத்தம் கொடுத்துப் பெற்ற அறிக்கை அது. ‘அதிக அபாயம்’ என்று அதில் கண்டிருந்தது. விளக்கிச் சொல்ல மருத்துவர் எவருமில்லை. “கருவைக் கலைக்க மார்க்கம் இடந்தருமா, ஹஸ்ரத்?” என்று வினவினார். தீர்ப்புக்கு முன் அறிய வேண்டியவை சில உள.

தாயின் இரத்தத்தில் கருவின் மரபணுத் துணுக்குகள் கலந்திருப்பதை டென்னிஸ் லோ குழுவினர் 1997இல் வெளியிட்டனர். அவை பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருவன. எனவே ஏறத்தாழப் பத்தாம் வாரம் முதல் செய்யப்படும் இச்சோதனை ஐயத்தைச் சுட்டுமேயன்றி, நோயை உறுதி செய்யாது. பத்தாயிரம் கருக்களில் ஒன்றுக்கு வரும் குறையை, ஆயிரத்தில் ஒருமுறை மட்டுமே பொய்யாக எச்சரிக்கும் சோதனையால் தேடுவதாகக் கொள்வோம். மெய்யான எச்சரிக்கை ஒன்றெனில், பொய்யானவை பத்தாகும்! பனிக்குடநீர்ச் சோதனை போன்றவையே உறுதி தரும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2022 ஏப்ரலில் இவ்வாறே எச்சரித்தது.

நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் 1996 முதல் நடைமுறையிலுள்ளது. பதிவு பெற்ற நிலையங்களே கருவின் மரபணுச் சோதனை நடத்தலாம், தாயின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும், பாலினம் வெளியிடலாகாது. 2003 முதல் இணைய விளம்பரமும் தடைக்குள் வந்தது. அதனை மீறிய பாலினத் தேர்வு விளம்பரங்களுக்கு எதிராகச் சாபு மேத்யூ ஜார்ஜ் 2008இல் வழக்குத் தொடுத்தார். அவற்றை 36 மணி நேரத்திற்குள் நீக்க உச்ச நீதிமன்றம் 2016இல் வழிவகுத்தது. உயிருடன் புதைக்கப்பட்ட பெண்மகவைப் பற்றிய திருமறை எச்சரிக்கையை (81:8-9) அறிந்தோர் இதன் தேவையை உணர்வர். எனினும் இச்சட்டத்தின் முதன்மை நோக்கம் பாலினத் தேர்வைத் தடுப்பதே. துல்லியம் பற்றிய வணிக விளம்பரங்களை எடைபோடுவதன்று.

கருவிலிருப்பதை விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதிலுள்ள நிச்சயமின்மையை ஃபுகஹாக்கள் ‘கரர்’ என்பர். இங்கோ அந்த நிச்சயமின்மையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். ஆதலால் இதில் ‘தத்லீஸ்’ எனும் மறைப்பும் சேர்கிறது.

மக்காவின் இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை 1990இல் அளித்த முடிவின்படி, கடுமையான, குணப்படுத்தவியலாத குறையைத் தகுதியுள்ள மருத்துவர் குழு உறுதி செய்தால், பெற்றோர் வேண்டுகோளின்பேரில் 120 நாட்களுக்குள் கலைக்க அனுமதியுண்டு. அதன்பின் தாயின் உயிருக்கு ஆபத்தெனில் மட்டுமே. மருத்துவர் கணக்கில் அது சுமார் 19 வாரம். பனிக்குடநீர்ச் சோதனையோ 15ஆம் வாரத்திற்குப் பின்னரே. இடைப்பட்ட சில வாரங்களை விளக்கமற்ற ஒரு தாள் வீணாக்கிவிடலாம். அல்லது அவசரப்பட்டுக் குற்றமற்ற கருவை அழிக்கத் தூண்டலாம்.

மாணவரைப் பதிவு பெற்ற மரபணு ஆலோசனை நிலையத்திற்கு அனுப்பினேன். அந்த எச்சரிக்கை பொய்யென்று தெரிந்தது. மருத்துவர் பரிந்துரையும், சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனையும் இன்றி இத்தகைய சோதனைகள் விற்கப்படாதிருக்க அரசு வழிசெய்தல் வேண்டும். ஜும்ஆ மேடைகளிலும் இதனை எடுத்துரைப்பது ஆலிம்களின் கடமையாகும்.