இயந்திரம் வருமுன் முடித்த வேலை

ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட ஃபோர்டு தியேட்டரில் அதன்பிறகு நூறு வருடத்துக்கு மேல் நாடகம் நடக்கவில்லை. அமெரிக்க அரசு கட்டடத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே மூன்று தளம் போட்டு, ராணுவ மருத்துவத் துறைக்கு ஒதுக்கியது. கோப்புகளுக்கும் அருங்காட்சியகத்துக்கும் நடுவே அங்கே குடியேறியது ஒரு சின்ன நூலகம். 1836இல் ராணுவத் தலைமை மருத்துவரின் அறையில் ஒரு அலமாரிப் புத்தகங்களாகத் தொடங்கிய அதுதான் இன்றைய அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம். உலகத்திலேயே பெரிய மருத்துவ நூலகம். அதன் பெயர் தெரியாதவர்களும் அதன் கைச்சரக்கைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். இன்று எம்.டி., எம்.எஸ். மாணவர் யாரும் தீசிஸுக்கு முதலில் திறப்பது பப்மெட்டைத்தான். அது இந்த நூலகத்தின் தயாரிப்பு.

தீசிஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த நூலகத்தைப் பெரிதாக்கிய ஜான் ஷா பில்லிங்ஸுக்கும் அதே தலைவலிதான் ஆரம்பம். மாணவராக இருந்தபோது வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சை பற்றி ஆய்வேடு எழுத உட்கார்ந்தார். யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நூலகம் நூலகமாக அலைந்தும் கிடைத்தது கொஞ்சம்தான். பிறகு உள்நாட்டுப் போரில் அறுவை மருத்துவராக இருந்துவிட்டு, 1865இல் நூலகத்தின் பொறுப்புக்கு வந்தார். போர் முடிந்ததும் ராணுவ மருத்துவமனைகளில் மிஞ்சிக் கிடந்த சுமார் 80,000 டாலர் நூலகத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. மனிதர் அதை வைத்துக்கொண்டு வாங்கித் தள்ளினார். சில ஆயிரம் புத்தகங்களாக இருந்தது, அவர் 1895இல் விலகும்போது ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

ஆனால் பில்லிங்ஸின் பெயர் நிற்பது புத்தகம் சேர்த்ததால் அல்ல. ஜர்னல்களில் வரும் ஒவ்வொரு கட்டுரையையும் எந்த நோய், எந்த உறுப்பு என்று பிரித்து அட்டவணை போட்டார். 1879இல் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' மாத இதழ், 1880இல் 'இண்டெக்ஸ் கேட்டலாக்' என்ற பெருந்தொகுதியின் முதல் பாகம். இன்னொன்றும் செய்தார். 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உடன் வேலை பார்த்த இளைஞர் ஹெர்மன் ஹாலரித்திடம், இந்தக் கணக்கையெல்லாம் அட்டையில் துளை போட்டு இயந்திரத்தால் எண்ணலாமே என்று யோசனை சொன்னார். ஹாலரித் செய்த துளையட்டை இயந்திரம் 1890 கணக்கெடுப்பைச் செய்து முடித்தது. அவருடைய கம்பெனி பின்னால் வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து ஐ.பி.எம். ஆனது. யோசனை சொன்னவரின் நூலகத்துக்குள் மட்டும் அந்த அட்டை நுழைய அறுபது எழுபது வருடம் பிடித்தது!

அந்த இடைவெளியில் நூலகம் தேய்ந்தது. 1940களில் வந்த வல்லுநர் குழு, கட்டடத்திலிருந்து நிர்வாகம் வரை எதையும் மெச்சவில்லை. அரிய நூல்கள் போர்க்காலத்தில் கிளீவ்லாந்துக்கு அனுப்பப்பட்டு, இருபது வருடம் அங்கேயே கிடந்தன. எல்லாவற்றிலும் பெரிய சிக்கல், பில்லிங்ஸ் விட்டுப்போன பெருமைதான். இண்டெக்ஸ் கேட்டலாக் அகர வரிசையில் வரும். ஆங்கில 'ஏ'யில் தொடங்கி 'இசட்' வரை ஒரு சுற்று முடியப் பதினைந்து, இருபது வருடம். பிறகு அடுத்த சுற்று. அதனால் 'அப்டமன்' பற்றி 1920இல் வந்த கட்டுரை, 1936இல் நான்காம் சுற்று தொடங்கும் வரை அச்சேறாது. வயிற்று வலிக்காரர் அதுவரை காத்திருப்பாரா என்று யாரும் கேட்கவில்லை. உலகமே பாராட்டிய நூல் வரிசை. அதை நிறுத்தலாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

சொன்னவர் ஃபிராங்க் பிராட்வே ராஜர்ஸ். ராணுவ மருத்துவர், நூலகர் அல்ல. இயக்குநர் நாற்காலி தருவதற்கு முன் ராணுவம் அவரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி நூலகப் படிப்பு படிக்க வைத்தது. 1949இல் பொறுப்பேற்றார். கொஞ்ச நாளிலேயே இண்டெக்ஸ் கேட்டலாக்கை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தார். அச்சுக்குப் போகாத குறிப்புகள் லட்சக்கணக்கில் கிடந்தன. எதிர்ப்பு வந்தது, வராமல் இருக்குமா. அவர் அசையவில்லை.

இந்த நூலகத்தின் கதையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இனிமேல்தான். கணினி என்ற பேச்சு அப்போதே கிளம்பிவிட்டது. ராணுவத்தின் பணத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் வெல்ச் நூலகத்தில் ஒரு குழு, துளையட்டையால் அட்டவணை போட முடியுமா என்று வருடக்கணக்கில் சோதித்துக்கொண்டிருந்தது. பின்னாளில் 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' கண்ட யூஜீன் கார்ஃபீல்டு அங்கே வேலை பார்த்தவர்தான். ராஜர்ஸ் உடனே இயந்திரம் வாங்க ஓடவில்லை. முதலில் தலைப்புகளைச் சீர்படுத்தினார். ஒரு டாக்டர் 'ஹார்ட் அட்டாக்' என்று எழுதுவார், இன்னொருவர் 'கரோனரி' என்பார், மூன்றாமவர் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்பார். மூன்றும் அட்டவணையில் ஒரே இடத்தில் விழவேண்டும். அதற்கு எந்தச் சொல் என்று தீர்மானித்து, மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்ட வேண்டும். 1954இல் ஒரு பட்டியல் வந்தது. அதைத் திருத்தி 1960இல் வெளியிட்டதுதான் 'மெஷ்' என்கிற மருத்துவப் பொருள் தலைப்புத் தொகுதி. இன்றும் பப்மெட்டின் முதுகெலும்பு அதுவே.

அடுத்து, கையில் இருந்த எளிய கருவிகளையே கோத்துப் பார்த்தார். ஒரு கட்டுரையின் விவரம் துளையட்டையின் மேல் விளிம்பில் ஒன்றிரண்டு வரியாகத் தட்டச்சாகும். அட்டைகளை இயந்திரம் வரிசைப்படுத்தும். கோடக் கம்பெனியின் 'லிஸ்டோமேட்டிக்' கேமரா ஒவ்வொரு அட்டையையும் வேகமாகப் படமெடுத்து, வரிக்குக் கீழ் வரியாக ஃபிலிமில் பத்தி கட்டும். அந்த ஃபிலிமிலிருந்து அச்சு. 1960 ஜனவரியில் புதிய இண்டெக்ஸ் மெடிக்கஸ் இப்படித்தான் வந்தது. அதில் கணினி கிடையாது. ஆனால் கணினிக்கு என்ன கொடுக்க வேண்டும், எந்த வரிசையில் கொடுக்க வேண்டும் என்பது ஊழியர் அத்தனை பேருக்கும் அதற்குள் கைவந்துவிட்டது.

இதற்கிடையே வீடு யாருக்கு என்ற தகராறு. ராணுவத்தின் கீழ் இருந்தவரை பட்ஜெட்டில் நூலகம் கடைசிப் பிள்ளை. 1956இல் செனட்டர்கள் லிஸ்டர் ஹில்லும் ஜான் கென்னடியும் கொண்டுவந்த சட்டம் அதைப் பொதுச் சுகாதாரத் துறைக்கு மாற்றி, தேசிய மருத்துவ நூலகம் என்று பெயர் சூட்டியது. (ஹில்லின் அப்பா ஒரு சர்ஜன், ஜோசப் லிஸ்டரிடம் படித்தவர். மகனுக்குக் குருவின் பெயரை வைத்துவிட்டார்.) எந்த ஊரில் கட்டுவது என்று அடுத்த இழுபறி. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் தலைமையகம் சிகாகோவில் இருந்ததால் அங்கே கொண்டுபோகப் பெரிய முயற்சி நடந்தது. கடைசியில் வாஷிங்டனை ஒட்டிய பெதெஸ்டாவில் கட்டினார்கள். 1962இல் நூலகம் அங்கே குடிபோனது. தொழில்நுட்பம் பேசும் கூட்டங்களில் இந்த விஷயம் அடிபடுவதே இல்லை. துறை மாறியிராவிட்டால் கணினிக்குப் பணம் வந்திருக்காது.

1964 ஜனவரியில் 'மெட்லார்ஸ்' ஓடத் தொடங்கியது. ஹனிவெல் 800 கணினி. அச்சுக்கோக்க 'கிரேஸ்' என்ற ஒளி அச்சுக்கருவி. அப்போதைய கணினி அச்சு வெறும் பெரிய எழுத்தில் கண்ணைக் குத்தும். கிரேஸ் புத்தகம் போலவே அடித்துக் கொடுத்தது. ராஜர்ஸ் அதைப் பார்க்க நாற்காலியில் இல்லை. முந்தைய வருடமே விலகிக் கொலராடோவுக்குப் போய்விட்டார்.

அடுத்து வந்த மார்ட்டின் கம்மிங்ஸ் காலத்தில் நடந்த ஒன்றை நம் நிர்வாகிகள் குறித்து வைத்துக்கொள்ளலாம். மெட்லார்ஸில் டாக்டர்கள் கடிதம் மூலம் கேள்வி அனுப்புவார்கள். பயிற்சி பெற்ற ஊழியர் அதைக் கணினிக்கு ஏற்ப எழுதி ஓட்டுவார். பட்டியல் தபாலில் போய்ச்சேர வாரங்கள் ஆகும். இது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்க நூலகமே வில்ஃப்ரட் லங்காஸ்டரை அமர்த்தியது. சுமார் 300 தேடல்களை அவர் அலசினார். கிடைக்க வேண்டிய நூறு கட்டுரைகளில் சராசரியாக 58தான் கிடைத்தன. கிடைத்தவற்றில் ஏறக்குறைய பாதி தேவையில்லாதவை. கோடிகளைக் கொட்டிய திட்டம் பற்றிய இந்த அறிக்கையை மூடி வைக்காமல் 1968இல் வெளியிட்டார்கள். அதில் ஒரு வியப்பான முடிவும் இருந்தது: நூலகரோடு பேசிக் கேள்வியை வடித்துக்கொண்ட டாக்டரைவிட, தன் தேவையைத் தன் சொந்த வார்த்தையில் எழுதி அனுப்பியவருக்கு நல்ல பட்டியல் கிடைத்தது. பேசும்போது டாக்டர் தன்னையறியாமல் தன் கேள்வியை இயந்திரத்தின் சொற்களுக்குள் சுருக்கிக்கொண்டார்!

1971இல் தொலைபேசிக் கம்பி வழியாகத் தேடும் 'மெட்லைன்' வந்தது. வாரங்கள் நிமிடங்களாயின. ஆனால் முனையத்தின் முன் உட்கார்ந்தவர் நூலகர்தான். அதற்கென்று பயிற்சி பெற்றவர். அந்தக் கால நூலகர்களுக்கு அது பொற்காலம் என்றே சொல்லலாம். டாக்டர்கள் அவர்கள் மேஜையைத் தேடி வந்தார்கள். அதே வருடம் மிசௌரி மாநிலத்துக் கான்சஸ் சிட்டியில் கெர்ட்ரூட் லாம்ப் என்ற நூலகர் எதிர்த்திசையில் நடந்தார். டாக்டர்களோடு வார்டு ரவுண்ட்ஸில் நூலகர்களையும் அனுப்பினார். படுக்கையருகே எழும் கேள்விக்கு அன்றைக்கே கட்டுரை தேடிக் கொடுப்பது வேலை. முனையத்துக்குக் காவல் இருப்பதைவிட இதுதான் நீடிக்கும் வேலை என்பது என் கட்சி. ஏனென்றால், 1984இல் இயக்குநரான டொனால்டு லிண்ட்பர்க் அந்தக் காவலையே கலைத்தார். 1986இல் டாக்டர் தானே வீட்டுக் கணினியில் தேடிக்கொள்ள 'கிரேட்ஃபுல் மெட்' மென்பொருள் வந்தது. 1996இல் பப்மெட் சோதனையாக வந்தது. 1997 ஜூனில் துணை ஜனாதிபதி அல் கோர் முன்னிலையில், இனி உலகத்துக்கே இலவசம் என்றார்கள். மணிக்கு இவ்வளவு என்று வாங்கிய கட்டணம் போயிற்று. இண்டெக்ஸ் மெடிக்கஸ் அச்சு 2004 டிசம்பரோடு நின்றது.

அப்படியானால் நூலகர் எதற்கு? 2001இல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அதற்குப் பதில் கிடைத்தது, மிகக் கசப்பாக. ஆஸ்துமா ஆய்வொன்றில் ஆரோக்கியமான 24 வயதுத் தன்னார்வலருக்கு 'ஹெக்ஸாமெத்தோனியம்' மருந்தைச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். நுரையீரல் பாதிக்கப்பட்டு அவர் இறந்துபோனார். ஆய்வாளர் பப்மெட்டிலும் பாடநூல்களிலும் தேடித்தான் இருந்தார். ஆனால் அன்றைய பப்மெட்டின் பதிவு 1966இல்தான் தொடங்கும். அந்த மருந்து நுரையீரலைக் கெடுப்பதைச் சொன்ன கட்டுரைகள் 1950களில் வந்தவை; பழைய அச்சு அட்டவணையில் பார்த்திருக்க வேண்டியவை. திரை எங்கே முடிகிறது என்று தெரிந்த நூலகர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். அந்த ஜூலையில் அங்கே அரசுப் பணத்தில் நடந்த மனித ஆய்வுகள் ஏறக்குறைய எல்லாம் சில நாள் நிறுத்தப்பட்டன. பழைய பதிவுகளைப் படிப்படியாக ஏற்றி, இப்போது 1946 வரை போயிருக்கிறார்கள்.

2022 ஏப்ரலில் இன்னொரு மாற்றம். கட்டுரைகளுக்குத் தலைப்பு கொடுக்கும் வேலை, பில்லிங்ஸ் காலம் முதல் மனிதர் படித்துச் செய்தது, முழுக்கத் தானியங்கியானது. மனிதர் தேவைப்படும் இடத்தில் சரிபார்ப்பார். வாரக்கணக்கில் ஆனது ஒரு நாளில் முடிகிறது. வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் வந்து குவியும்போது வேறு வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். லங்காஸ்டர் போல ஒருவரை அமர்த்தி, தவறியது எவ்வளவு என்று நூலகமே எண்ணிப் பார்த்து வெளியே சொல்லிக்கொண்டிருக்கும் வரையில்தான் அதற்கு என் சம்மதம்.

நம் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒரு விண்ணப்பம். இ-ஜர்னல் சந்தா கட்டும்போது, அதில் தேடக் கற்றுத்தரும் நூலகருக்கும் ஒரு பணியிடம் போடுங்கள். அவரைக் கட்டடத்துக்குள் உட்கார வைக்காமல் வாரம் ஒருமுறையாவது வார்டுக்கு அனுப்புங்கள். மாணவர்கள், தீசிஸ் தலைப்பு முடிவானதும் முதலில் அவரிடம் போங்கள். கேள்வியை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டரல்லாத வாசகர்களுக்கு அதே நூலகம் 1998 முதல் 'மெட்லைன்பிளஸ்' என்ற தளத்தை இலவசமாக நடத்துகிறது. எளிய ஆங்கிலத்தில் இருக்கும், விளம்பரம் கிடையாது. வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவக் குறிப்பை அடுத்தவருக்கு அனுப்புமுன் அதில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.