பகடை உருளுமுன்: அமெரிக்கக் கால்பந்தின் நான்கு அணிகள்

களத்தில் இறங்காமலே பந்தயம் ஆடும் வழக்கம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதியதன்று. பாடப் புத்தகத்தைக் கண்மூடிப் பிரித்து, பக்க எண்ணின் இறுதி இலக்கத்தை ஓட்டமாகக் கொண்டு, நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இந்தியாவையும் ஆஸ்திரேலியாவையும் மோதவிடும் 'புக் கிரிக்கெட்' ஆட்டத்தை அறியாத மாணவன் அரியன். அமெரிக்க நாட்டிலோ இத்தகைய விளையாட்டு ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. ஹால் ரிச்மன் என்பார் பேஸ்பால் ஆட்டத்திற்கென 1961-இலும், அமெரிக்கக் கால்பந்திற்கென 1968-இலும் வெளியிட்ட 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்னும் அட்டை விளையாட்டு அவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. இன்று இதனைக் கணிப்பொறியிலும் ஆடுகின்றனர்.

இதன் அமைப்பு எளியது. மெய்யான ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. அவர் ஓராண்டில் உண்மையாகச் செய்த சாதனைகளும் தவறுகளும் பகடை எண்களாக மாற்றப்பட்டு அதில் அச்சிடப்பட்டிருக்கும். பந்தை வைத்திருப்பவர், 'ஏந்தி ஓடுவதா, எறிவதா' என்று இரகசியமாகத் தீர்மானிப்பார். எதிராளி அதனை ஊகிப்பார். ஊகம் பலித்தால் பந்து அதிகம் முன்னேறாது. பொய்த்தால் முன்னேற்றம் மிகும். ஆகவே அதிருஷ்டத்தோடு மதிக்கும் இதில் இடமுண்டு.

கடந்துபோன ஒரு பருவம் முழுவதையும் இவ்வாறு மறுபடியும் ஆடிப்பார்க்கலாம். அதற்குமுன் அணிகளின் பலாபலங்களை ஆராய்ந்து எழுதுவது இவ்விளையாட்டு அன்பர்களின் மரபு. அம்மரபையொட்டி நாமும், 1967-ஆம் ஆண்டுத் தேசியக் கால்பந்து லீகின் மத்தியப் பிரிவை இங்கே நேயர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒரு விளக்கம். இது நாம் அறிந்த கால்பந்தன்று. இதில் காலினும் கைக்கே வேலை மிகுதி. பக்கத்திற்குப் பதினொருவர் ஆடுவர். நான்கு முயற்சிக்குள் பத்துக் கஜம் முன்னேறினால் பந்து தம்மிடமே நிற்கும். இல்லையேல் எதிரிக்குப் போகும். எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைச் சேர்த்தால் ஆறு புள்ளிகள். அவ்வாண்டில்தான் லீகின் 16 அணிகளும் முதன்முதலாக நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டன. அணி ஒன்றுக்கு 14 ஆட்டங்கள். பிரிவில் முதலிடம் பெற்ற அணி மட்டுமே மேற்செல்லும்.

கிரீன் பே பேக்கர்ஸ் அணியை முதலில் நோக்குவோம். ஊர் சிறியது, ஆயினும் அணி தனியொரு முதலாளிக்கு உரியதன்று, அபிமானிகளே அதன் பங்குதாரர்கள். பயிற்சியாளர் வின்ஸ் லம்பார்டி. 1965, 1966 ஆகிய இரண்டாண்டுகளிலும் லீகின் சாம்பியன் இவ்வணியே. 1967-இல் 9 வெற்றி, 4 தோல்வி, 1 சமன் என்ற கணக்கில் பிரிவின் முதலிடத்தையும் அடைந்தது. ஆயினும் அட்டையைக் கையில் எடுப்பவர் திடுக்கிடுவர். பந்தெறியும் தலைவரான பார்ட் ஸ்டார், 1966-இல் எதிரிகள் இடைமறித்துப் பற்றும்படி எறிந்தது மூன்றே முறை. 1967-இலோ பதினேழு முறை! எனவே இவ்வணியை ஆடுவோர் நீண்ட எறிகளில் ஆசை வையாது, தற்காப்பை நம்பி நிதானமாகச் செல்வதே தக்கது. எதிரி உதைத்த பந்தைப் பற்றித் திரும்ப ஓடுவதில் டிராவிஸ் வில்லியம்ஸ் நான்கு முறை எல்லையைத் தொட்டிருக்கிறார் என்பதையும் மறத்தலாகாது.

அடுத்தது சிகாகோ பேர்ஸ்: 7 வெற்றி, 6 தோல்வி, 1 சமன். முதுபெரும் பயிற்சியாளர் ஜார்ஜ் ஹாலஸுக்கு அதுவே இறுதிப் பருவம். மின்னலென ஓடும் கேல் சேயர்ஸ், இரும்புச் சுவர் போன்ற டிக் பட்கஸ் ஆகிய இருவரும் இங்கே உள்ளனர். சேயர்ஸ் 1967-இல் பந்தேந்தி ஓடிய தூரம் 880 கஜம். ஆனால் பந்தெறிவதில் இவ்வணி வலிதன்று. 'இவர்கள் ஓடத்தான் செய்வார்கள்' என்று எதிராளி ஊகித்துவிட்டால் சேயர்ஸும் என்செய்வார்? ஆகையால் எறிபந்து பலிக்காதெனினும் இடையிடையே எறிந்துகொண்டிருக்க வேண்டும். எதிராளியின் ஊகத்தைக் கலைப்பதற்கு அதுவே வழி.

மோட்டார் நகரமாகிய டெட்ராய்ட்டின் லயன்ஸ் அணி 5 வெற்றி, 7 தோல்வி, 2 சமன் என நின்றது. ஜோ ஷ்மிட்டுக்குத் தலைமைப் பயிற்சியாளராக அது முதலாண்டு. புதுமுகங்கள் இருவர் இதன் செல்வம். ஒருவர் 860 கஜம் ஓடிய மெல் ஃபார். மற்றொருவர் எதிரியின் எறிபந்துகளைப் பத்து முறை பறித்த லெம் பார்னி. பார்னி தம் முதல் ஆட்டத்திலேயே ஸ்டார் எறிந்த பந்தைப் பறித்து ஓடி எல்லையைத் தொட்டார். அவ்வாட்டம் 17-17 எனச் சமனாயிற்று. இவ்வணியை எதிர்ப்போர் பார்னி நிற்கும் பக்கம் எறியாதிருத்தல் நலம்.

இறுதியில் மினசோட்டா வைக்கிங்ஸ்: 3 வெற்றி, 8 தோல்வி, 3 சமன். பேர்பெற்ற ஃபிரான் டார்க்கென்டனை அப்பருவத்திற்கு முன்பே நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டனர். பயிற்சியாளர் பட் கிராண்டும், பந்தெறியும் ஜோ காப்பும் கனடாவிலிருந்து புதிதாக வந்தவர்கள். இருப்பினும் இதே அணிதான் பேக்கர்ஸை அவர்களுடைய மில்வாக்கிக் களத்திலேயே 10-7 என வீழ்த்தியது.

கடைசி அணி முதல் அணியை வெல்வது எங்ஙனம்? இதற்கு ஒரு சிறு கணக்கு விடை கூறும். ஒரு நாணயத்தை 14 முறை சுண்டினால் ஏழு முறை தலை விழ வேண்டும் என்போம். ஆயின் ஐந்து முதல் ஒன்பது வரை எதுவும் விழலாம். நூற்றுக்கு ஏறத்தாழ 82 தடவை இவ்வெல்லைக்குள்ளேயே விழும். பேக்கர்ஸின் வெற்றி ஒன்பது. லயன்ஸின் வெற்றி ஐந்து! திறமையில் சமமான இரண்டு அணிகளுக்குக்கூட அதிருஷ்டம் இத்துணை வேற்றுமையைத் தந்துவிடக்கூடும். ஆகவே பதினான்கு ஆட்டங்களின் பட்டியலைக் கொண்டு ஒருவரை மேலோர் என்றும் மற்றவரைக் கீழோர் என்றும் முடிவுகட்டுதல் அவசரமாகும். வீட்டுப் பிள்ளைகளின் ஒரு பரீட்சை மதிப்பெண்ணைக் கண்டு மனம் உடையும் பெற்றோரும் இக்கணக்கைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

இரயில்வேயில் பதிவேடு எழுதிப் பழகிய நமக்கு மற்றொன்றும் தோன்றுகிறது. வண்டி எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்பதை ஏடு சொல்லும். மூடுபனியில் இரவெல்லாம் சிக்னலைத் தேடிக் கண் பூத்த ஓட்டுநரின் பாட்டை அது சொல்லாது. ஆட்டக்காரர் அட்டையும் அத்தகையதே. பதினேழு முறை பந்தை இழந்த அதே ஸ்டார்தான், 1967 டிசம்பர் 31 அன்று, சுழியத்துக்குக் கீழ் 25 பாகை செல்சியஸ் குளிரில், டல்லாஸ் அணிக்கு எதிராகச் சில வினாடிகளே எஞ்சியிருந்தபோது தாமே பந்துடன் பாய்ந்து 21-17 என வெற்றி தேடித்தந்தார். சேயர்ஸின் முழங்கால் 1968-இல் முறியப்போவதை அட்டை அறியாது. வைக்கிங்ஸில் அன்று புதுமுகமாயிருந்த ஆலன் பேஜ் பின்னாளில் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்ததையும், அவ்வணி அடுத்த ஆண்டே பிரிவில் முதலிடம் பெற்றதையும் அட்டை அறியாது.

இவ்வளவும் கருதி நம் கணிப்பைக் கூறுகிறோம். 332 புள்ளிகள் எடுத்து 209 மட்டுமே கொடுத்த பேக்கர்ஸுக்கே முதலிடம். பேர்ஸ் இரண்டாவது; ஊகிப்பதில் வல்லவர் கையில் அது முதலிடத்தையும் எட்டலாம். லயன்ஸ் மூன்றாவது. வைக்கிங்ஸ் நான்காவது, ஆயினும் மூன்று வெற்றிக்கு மேல் அது பெறும் என்பதே நம் எண்ணம். விடுமுறை நாட்களில் தந்தையும் மக்களும் ஆளுக்கோர் அணியை ஏற்று ஆடிப்பார்க்கட்டும். நம் வரிசை பிழைத்ததாயின், புள்ளிப் பட்டியலுடன் எழுதியனுப்புமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.